நடுவில் ஒரு வழுக்கை

— மண்வெட்டியைக் கீழ போடு தம்பி. சொல்றேன்ல, போடு. இன்னும் ஒரு குழி வெட்டினே, நான் அதுக்குள்ளேயே இறங்கி உக்காந்துடுவேன்.

— இது நல்லா இருக்கே அண்ணி. எட்டு வருஷமா வெட்டு வெட்டுன்னு என் பின்னாடியே அலைஞ்சீங்க. சோத்தைப் போடும்போது வெட்டு, கிணத்தடியில பார்த்தா வெட்டு, காய்ச்சல்ல சுருண்டு படுத்திருந்தப்பகூட, எந்திரிச்சதும் வெட்டுன்னீங்க. இன்னிக்கு மனசு வந்து நானா வெட்டறேன். இப்ப வந்து கீழ போடுங்கறீங்க.

— மழைத்தண்ணி பிடிக்கிற குழி எத்தனை வெட்டியிருக்கே?

— பதினேழு. நேத்து மத்தியானம் நீங்க டவுனுக்கு பஸ் ஏறினதும் ஆரம்பிச்சேன். இருட்டினதும் விட்டுட்டு, விடிஞ்சதும் மறுபடி வந்துட்டேன். குழிக்கு ரெண்டு கூடை எருவும் போட்டாச்சு.

— எருவுமா? போச்சு. குடி முழுகிப் போச்சு.

— யார் குடி?

— குழுவுல இருக்கிற அறுபத்திரண்டு குடும்பத்தோட குடியும்தான். பத்து மணிக்கு, நிலம் திருத்தப் பணம் குடுக்கிற நிதி ஆபீசரம்மா வர்றாங்கன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?

— தெரிஞ்சுதானே வெட்டறேன். அவங்க எங்கெங்கேயோ பாழாப்போன நிலத்தையெல்லாம் பார்த்துட்டு வர்றவங்க. இங்க சுத்திலும் பச்சைப்பசேல்னு கிடக்கு, நடுவுல என் ஒரு ஏக்கர் மட்டும் வழுக்கைத் தலையாட்டம் பளபளன்னு இருக்கு. வர்றவங்க கண்ணு முதல்ல எங்க போகும்? நேரா இங்கதான் வந்து விழும். யாரோடதுன்னு கேப்பாங்க. குழுத் தலைவியா இருந்துக்கிட்டு நீங்க, என் கொழுந்தனோடதுன்னு சொல்லணும். அந்தத் தலைகுனிவு உங்களுக்கு எதுக்குன்னு பார்த்தேன்.

— அட என் ராசா. அந்த வழுக்கையைக் காட்டத்தான்டா அவங்களை இந்த வழியா கூட்டிட்டு வரச் சொல்லி உன் அண்ணனை அனுப்பியிருக்கேன்.

— என்னது?

— ஆமா. இதோ இந்த இடத்துல நாற்காலி போடறதா இருந்தேன். உக்கார வச்சு, பாருங்கம்மா, எட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க எல்லார் நிலமும் இப்படித்தான் கிடந்துச்சு, ஒரு சொட்டு உள்ள இறங்காது, ஒரு புல்லு தலை நீட்டாதுன்னு சொல்லணும். அப்புறம் வரப்பைத் தாண்டிக் கூட்டிட்டுப் போய் என் பயறைக் காட்டணும். மொத்தத் திட்டமும் உன் நிலத்தை நம்பித்தான் போட்டது.

— எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்? நேரா பயறைக் காட்டுங்க. அதுவே பேசும்.

— பேசும். பேசி நம்ம கழுத்தை அறுக்கும். போன வருஷம் ஒருத்தர் வந்தாரே, வேற நிதிக்காரர், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. உனக்குத் தெரியாது, அன்னிக்கு நீ கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கிடந்தே. பயிரைப் பார்த்தாரு, வரப்பைப் பார்த்தாரு, டீ குடுத்தோம், குடிச்சாரு. குடிச்சுட்டு, உங்க நிலம்தான் நல்லாக் கொழுத்துக் கிடக்கே, உங்களுக்கு எதுக்கும்மா பணம், நாங்க கெட்டுப்போன நிலத்துக்குத்தான் குடுக்கிறதுன்னாரு. ஐயா, இதுவும் கெட்டுத்தான் போயிருந்துச்சு, பொம்பளைங்க நகையை அடகு வச்சுத் தேத்திக் கொண்டுவந்தோம், மேட்டுச் சரிவு இன்னும் கெட்டுத்தான் கிடக்குன்னு உன் அண்ணன் தொண்டை வறளச் சொன்னாரு. அவர் மேட்டை அண்ணாந்து பார்த்தாரு. முள்ளுக்காடு பச்சையா நின்னுச்சு. அதான் தோப்பாட்டம் இருக்கேன்னு வண்டியில ஏறிப் போயிட்டாரு. முள்ளும் தோப்பும் ஒண்ணாத் தெரியற கண்ணுக்கு என்னத்தைக் காட்டி நிரூபிக்கிறது? அன்னிக்கு முடிவு பண்ணினேன். அடுத்து வர்றவங்களுக்கு முதல்ல வழுக்கை, அப்புறம்தான் முடி.

— அப்ப, ரெண்டு மாசமா நீங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லாததுக்கு இதான் காரணமா?

— என்ன சொல்லாததுக்கு?

— வெட்டுன்னு. ரெண்டு மாசமா உங்க வாயிலேருந்து அந்த ஒரு வார்த்தை வரல அண்ணி. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். வெறுத்துட்டாங்க, இவன் தேறமாட்டான்னு கைகழுவிட்டாங்கன்னு. ஒரு வாரம் எனக்குச் சோறே இறங்கல.

— அட கிறுக்கா. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லடா. ஆபீசரம்மா வரப்போறதா கடிதம் வந்ததும் கூட்டம் போட்டேன். இனி யாரும் போய் என் கொழுந்தனை நச்சரிக்காதீங்க, அவன் பிடிவாதத்தால இப்பத்தான் முதல் தடவையா நமக்கு ஒரு பிரயோசனம் வந்திருக்குன்னு சொன்னேன்.

— எல்லாரும் சிரிச்சிருப்பாங்க.

— சிரிச்சாங்க. உன் அண்ணன் மட்டும் சிரிக்கல.

— கூண்டுல கரடியை வச்சுக் காட்டுற மாதிரி என் நிலத்தைக் காட்டலாம்னு இருந்திருக்கீங்க. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க.

— கோவிச்சுக்காதே. தப்புதான். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஆனா சொன்னா நீ என்ன பண்ணுவே? நான் வெட்டாதேன்னு சொன்னா, அன்னிக்கே வெட்டுவே. உன் குணம் எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுக்கு நான் வந்தப்ப நீ அரைக்கால் சட்டை.

— அது வாஸ்தவம்தான்.

— மேட்டுச் சரிவுல மழை அரிச்ச பள்ளத்தைப் போய்ப் பார்த்தியா நீ? ஒரே மழையில பதினாறு அடி நம்ம பக்கம் நகர்ந்து வந்திருக்கு. ஆள் இறங்கினா தலை தெரியாது. மண்ணைக் கரைச்சுக் கரைச்சு வாயைப் பொளந்துக்கிட்டு வருது. இன்னும் எண்பது அடி வந்துட்டா, முதல்ல மேல் வரப்பு, அடுத்து வாத்தியார் வீட்டு நிலம், அதுக்கடுத்து நம்ம பயறு. எட்டு வருஷம் கையால வெட்டினது அத்தனையும் ஒரு ராத்திரியில ஆத்துக்குப் போயிடும். பெருமழைக்கு இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு. அது நம்ம மண்வெட்டிக்கு அடங்கற பள்ளமும் இல்ல. மெஷின் வேணும், நாப்பது லோடு கல் வேணும், முப்பதாயிரம் மரக்கன்னு வேணும். அடகு வைக்க இனி ஒருத்தி கழுத்துலயும் ஒண்ணும் இல்ல. இதோ என் கழுத்துல மின்னுறது கவரிங்.

— எனக்குத் தெரியும் அண்ணி. நான் கண்ணை மூடிக்கிட்டா இருக்கேன்?

— தெரிஞ்சவன் ஏன்டா எட்டு வருஷம் முறைச்சுக்கிட்டு நின்னே?

— என்னைக் கேக்காம என் நிலத்துல வரப்புக்கு முளைக்குச்சி அடிச்சதாலதான். எல்லாரையும் வீடு வீடாப் போய்க் கேட்டாங்க. சம்மதமா, உன் நிலத்து வழியா வரப்பு போகலாமான்னு. என்கிட்ட மட்டும் கேக்கல. தம்பிதானே, அவனை என்ன கேக்குறதுன்னு அண்ணன் பாட்டுக்கு வந்து அடிச்சுட்டுப் போயிட்டாரு. நான் பிடுங்கிப் போட்டேன். கேட்டிருந்தா அன்னிக்கே சரின்னிருப்பேன்.

— ஒரு முளைக்கு எட்டு வருஷம். ஒரே வாசல், ரெண்டு கதவு, நடுவுல நான் ஒருத்தி அங்கயும் இங்கயும் சேதி சொல்லிக்கிட்டு. நேத்து வரைக்கும் அவரை உங்க வீட்டுக்காரர்னுதானே சொல்லுவே. இன்னிக்கு என்ன, அண்ணன்ங்கறே?

— சொன்னேனா?

— சொன்னே. நான் காதாரக் கேட்டேன்.

— போன வாரம் மழை பெஞ்சுச்சுல்ல. அன்னிக்கு ஜன்னல்ல நின்னு பார்த்துட்டு இருந்தேன். என் நிலத்துல ஒரு சொட்டு நிக்கல. வழிச்சுக்கிட்டு ஓடி, உங்க வரப்பை உடைச்சு, பயறுக்குள்ள பாய்ஞ்சுச்சு. அண்ணன் மண்வெட்டியோட ஓடி வந்தாரு. என் பக்கம் ஒரு கல்லை வச்சு அடைச்சா தண்ணி என் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். அவர் அடைக்கல. தன் வரப்பையே இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டு, தன் பயறு வழியாவே தண்ணியை வெளியேத்தினாரு. மூணு வரிசை போச்சு. நனைஞ்ச கோழி மாதிரி நின்னாரு. சரி, இப்ப என் ஜன்னலைப் பார்த்துத் திட்டப்போறாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை திட்டல அண்ணி. மண்வெட்டியைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. திட்டியிருந்தா நான் இன்னும் பத்து வருஷம் சும்மா இருந்திருப்பேன்.

— அவர் என்கிட்டகூடச் சொல்லலியே. எலி தின்னுடுச்சுன்னாரு மூணு வரிசையை.

— அப்படியா சொன்னாரு?

— அப்படித்தான் சொன்னாரு. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு, வரிசை பிசகாமத் தின்னுற எலி ஏதுன்னு.

— சரி, மணி என்ன இப்ப? ஒம்பதேகாலா? மூடிடறேன்.

— எதை?

— குழியை. தோண்டின மண்ணு பக்கத்துலயே கிடக்கு. எருவை அள்ளிக் கூடையில போட்டுட்டு, மண்ணைத் தள்ளி மிதிச்சு விட்டா அரை மணியில பழையபடி பொட்டல். அவங்க போனதும் மறுபடி வெட்டிக்கறேன். எனக்கு என்ன, வேற சோலியா இருக்கு?

— அரை மணியில ஆயிடுமா?

— ஆயிடும். நீங்க அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டே இருங்க, யாராவது வந்தா குரல் குடுங்க. இதோ, முதல் குழி முடிஞ்சுது. மிதிச்சாச்சு. ரெண்டாவது.

— நிறுத்து.

— இன்னும் பதினாறு இருக்கு அண்ணி, பேச நேரமில்ல.

— நிறுத்துடா. என்னால பார்க்க முடியல. எட்டு வருஷமா நான் தவம் கிடந்தது இந்த நிலத்துல ஒரு குழி விழாதான்னுதான். விழுந்த குழியை நானே நின்னு மூட வச்சேன்னு இருக்கக்கூடாது. பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். உள்ளதைச் சொல்லுவோம். வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும்.

— அப்ப மேட்டுப் பள்ளம்?

— அறுபத்திரண்டு வீட்டுச் சாக்கையும் தைச்சு மண்ணு ரொப்பி அடுக்குவோம். இன்னொரு வருஷம் தாங்கினா போதும், அடுத்த நிதிக்காரரைப் பார்ப்போம். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன.

— அழறீங்களா அண்ணி?

— இல்ல, சிரிக்கிறேன். கொஞ்சம் இப்படி வா. இந்தக் குழியை எந்தப் பக்கம் பார்த்து வெட்டியிருக்கே நீ?

— பிறை மாதிரிதானே வெட்டணும்? பிறை மாதிரிதான் இருக்கு.

— பிறைதான். பிறையோட வாய் எந்தப் பக்கம் இருக்கு? சரிவுக்குக் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கு. தண்ணி எங்கேருந்து வரும்?

— மேட்டுலேருந்து.

— மேட்டுலேருந்து வர்ற தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு உன் குழி. அது முதுகுல பட்டு ரெண்டு பக்கமும் வழிஞ்சு ஓடிடும், உள்ள ஒரு பொட்டு விழாது. வாய் மேட்டைப் பார்க்கணும். எட்டு வருஷமா ஜன்னல்ல நின்னு எங்களைக் கிண்டல் பண்ணினியே, இதைக்கூடவா பார்க்கல?

— ஜன்னல்லேருந்து பார்த்தா இப்படித்தான் தெரிஞ்சுது. தலைகீழா நின்னு பார்த்த மாதிரி ஆயிடுச்சா?

— எல்லாமே தப்பா? பொறு, எண்ணிப் பார்க்கறேன். இது, இது, அதோ அது. மூணு மட்டும் சரியா இருக்கே. அது எப்படி?

— அது கை தவறி வெட்டினது அண்ணி. அசதியில தப்பா வெட்டிட்டோமேன்னு மனசு கஷ்டமா இருந்துச்சு.

— கடவுளே. வயிறு வலிக்குதுடா. குடு அந்த மண்வெட்டியை இங்க. நீ காட்டுக்கு ராஜா, குழிக்கு நான். இந்தக் கரையை இப்படி இழுத்து இந்தப் பக்கம் போடு. மண்ணு கீழ்ப்பக்கம், வாய் மேட்டுப் பக்கம். பார்த்துக்கிட்டியா? இப்ப மழை வந்தா உள்ள வந்து உக்காரும், உக்காந்து மெதுவா இறங்கும். அடுத்ததை நீ பண்ணு, நான் பார்க்கறேன். அப்படித்தான். ஆள் கெட்டிக்காரன், யாரும் சொல்லித்தராமக் கெட்டுப்போயிட்டான்.

— அண்ணி, அங்க யாரோ வரப்பு மேல நடந்து வர்றாங்க. தொப்பி, முதுகுல பை.

— ஐயய்யோ. பத்துகூட ஆகலியே. என் சேலையெல்லாம் மண்ணு. கூட்டிட்டு வரப்போன உன் அண்ணனைக் காணோமே?

— வணக்கம்மா. அவர் வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வர்றேன்னாரு. நீங்கதானே குழுத் தலைவி? கையைக் குடுங்க. மண்ணா இருந்தா என்னங்க, நானும் மண்ணுக்காரிதான்.

— வாங்க ஆபீசரம்மா. உக்கார நாற்காலிகூட இல்ல. இவன் என் கொழுந்தன்.

— வணக்கங்க. இது யாரோட நிலம்?

— என்னோடதுங்க. எட்டு வருஷமாக் குழுவுல சேராம, அழிச்சாட்டியம் பண்ணிக்கிட்டு இதைப் பாழாப் போட்டு வச்சிருந்தவன் நான்தான். அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல.

— ஒரு நிமிஷம் இருங்க. இந்தப் படத்தைப் பாருங்க. மேலேருந்து எடுத்தது, பதினைஞ்சு நாள் ஆகுது. இது உங்க ஊரு, இது ஓடை. சுத்திலும் பச்சை, நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு சதுரம். இந்தச் சதுரத்துலதானே நாம நிக்கிறோம்? இதுல குழி எதுவும் இல்லையே. எப்ப வெட்டினது?

— நேத்தும் இன்னிக்கும்மா. நானே உள்ளதைச் சொல்லிடறேன், கேட்டுட்டு நீங்க என்ன வேணா முடிவு பண்ணுங்க. உங்ககிட்ட இந்தப் பொட்டலைக் காட்டி, எங்க நிலம் எப்படிக் கெட்டுக் கிடந்துச்சுன்னு நிரூபிக்கணும்னு நினைச்சேன். இவன் உங்க முன்னாடி எங்க மானம் போகக்கூடாதுன்னு எனக்குத் தெரியாம வெட்டிட்டான். மூடிடலாமான்னுகூட ஒரு நிமிஷம் யோசிச்சேன், ஒரு குழியை மூடவும் விட்டுட்டேன். அதோ அந்த மிதிச்ச இடம். அப்புறம் மனசு கேக்கல. காட்ட என்கிட்ட இப்ப கெட்ட நிலம் இல்லம்மா.

— கெட்டுக் கிடந்ததை நீங்க காட்ட வேண்டியதில்லங்க. இருபது வருஷத்துப் படம் எங்ககிட்ட இருக்கு. முள்ளு எது, மரம் எதுன்னும் தெரியும். மேட்டுப் பள்ளம் மாசத்துக்கு எத்தனை அடி வருதுன்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். ஆமா, இதுல பாதிக் குழி தலைகீழா இருக்கே?

— பாதி இல்லங்க, பதினாலு. ரெண்டைத் திருப்பிட்டோம், ஒண்ணை மூடிட்டோம். மிச்சம் பதினொண்ணு. சாயங்காலத்துக்குள்ள திருப்பிடுவேன்.

— திருப்பிட்டு?

— மீதி இடத்துலயும் வெட்டுவேன். சரியா வெட்டத் தெரிஞ்சுபோச்சு இப்ப.

— உங்க குழுவுல சேர ஒரு படிவம் இருக்குங்க. எல்லா ஊருக்கும் ஒரே படிவம்தான். உங்களுக்கு விருப்பம் இருந்தா மட்டும். யாரும் கட்டாயப்படுத்தல, நானும் கேக்கல.

— இல்ல, கேளுங்க. எட்டு வருஷத்துல யாரும் முறையா வந்து கேக்கலங்கறதுதான் என் குறை.

— சரிங்க. உங்க ஒரு ஏக்கரையும் சேர்த்துக்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?

— சம்மதம். பேனாவைக் குடுங்க. பணம் வந்தாலும் வராட்டாலும் நான் சேர்றேன். அண்ணி, கை மண்ணா இருக்கே, படிவம் அழுக்காகிடுமே.

— ஆகட்டும்டா, நீ போடு. நல்லா அழுத்திப் போடு. ஆபீசரம்மா, நிதி இல்லைன்னு நீங்க சொல்லிட்டுப் போனாலும் எனக்கு இன்னிக்கு நல்ல நாள்தான். இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். ஏம்மா, நீங்க பாட்டுக்குச் சிரிக்கிறீங்க?

— சரிவுல ஒரே ஒரு குடும்பம் வெளிய நின்னாலும் நாங்க பணம் போடறதில்லங்க. மேல எவ்வளவு கட்டினாலும் தண்ணி அந்த ஒரு துண்டு வழியா எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிடும், வேற நாடுகள்ல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். உங்க கோப்புல மத்த எல்லாம் சரியா இருந்துச்சு. இந்த ஒரு கையெழுத்து இல்லாததால, உங்களுக்குப் பணம் இல்லைன்னு கடிதத்துல எழுத மனசு வராம, நேர்ல சொல்லிட்டுப் போகத்தான்மா நான் இன்னிக்கு வந்தேன்.